முதல் வெயிலை நம்பாதீர்கள்: குளிர் முடியும் நாட்களில் தோட்டத்தில் செய்யக்கூடாதவை

உறைபனி விழும் ஊர்களில், குளிர்காலத்தின் கடைசி வாரங்களில் அப்படி ஒரு நாள் வரும். காலையில் கம்பளிச் சட்டையோடு வெளியே வந்தவர், பதினொரு மணிக்கு அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வார். சுவரோரம் ஒற்றைத் தேனீ ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். மூன்று மாதமாக மூலையில் சாய்ந்து கிடந்த மண்வெட்டி கண்ணில் படும். அவ்வளவுதான், கை பரபரக்கத் தொடங்கிவிடும். வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஆண்டின் மிக மோசமான தவறுகளைச் செய்வது அந்த ஒரு நாளில்தான். நானும் செய்திருக்கிறேன், ஒருமுறை அல்ல.

காற்று ஒரே பகலில் சூடாகிவிடும். மண் அப்படி ஆகாது. பனியும் மழையும் குடித்து நனைந்து கிடக்கும் மண் சூடேறப் பல நாட்கள் பிடிக்கும். பகலில் ஏறிய கொஞ்சச் சூட்டையும் இரவின் குளிர் பறித்துக்கொண்டு போகும். நம் முதுகில் வெயில் உறைக்கும்போதும் வேர் இருக்கும் ஆழத்தில் இன்னும் குளிர்காலம்தான் நடந்துகொண்டிருக்கும். கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

ஈர மண்ணில் இறங்குவது

என் கணக்கில் இதுதான் முதல் தவறு. மற்றவை பலவற்றின் விளைவு ஒரு மாதத்தில் மறைந்துவிடும், இது ஆண்டு முழுவதும் நிற்கும்.

மண் பதமாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. மேல்மண் காற்றில் காய்ந்து ஏமாற்றும் என்பதால், ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுங்கள். உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறங்கள். உருண்டையைப் பெருவிரலால் லேசாகக் குத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். விரல் ரேகை பதிந்து, பளபளவென்று, குத்திய இடத்தில் குழி மட்டும் விழுந்து உருண்டை அப்படியே நின்றால், மண்வெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். நான்கைந்து நாள் கழித்து மறுபடியும் பாருங்கள். மணற்பாங்கான நிலம் சீக்கிரம் வடியும். களிமண்ணுக்குப் பொறுமை வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? நல்ல மண்ணில் துகள்களுக்கு நடுவே காற்றும் நீரும் போய்வரச் சிறு இடைவெளிகள் இருக்கும். ஈரமாக இருக்கும்போது கொத்தினாலும் மிதித்தாலும் அவை நசுங்கி ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் செங்கல்லாக இறுகும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிகிறது. குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் நீர் உறைந்து உறைந்து இளகியதில், களிமண் கட்டிகள் தாமாகவே உடைந்து பொடிந்திருக்கும். கூலி வாங்காமல் உழுது கொடுத்த வேலை அது. அதைத்தான் ஒரு பிற்பகலில் மிதித்துக் கெடுக்கிறோம்.

ஒரு வருடம் நான் ஈரப் பாத்தியின் குறுக்கே நான்கு எட்டு வைத்து மறுபக்கம் போனேன், ஏதோ ஒரு குச்சியை எடுக்க. அந்தக் கோடையில் அங்கே விதைத்த பீன்ஸ் வரிசையில் சரியாக நான்கு இடங்களில் செடிகள் மட்டும் குட்டையாக நின்றன. வாடும்போதும் அவைதான் முதலில் வாடின. நடந்தே ஆக வேண்டுமென்றால் ஒரு அகலமான பலகையைப் போட்டு அதன்மேல் நடங்கள், எடை பரவிவிடும். உறைபனி படிந்த புல்தரைக்கும் இதே கவனம் தேவை. விறைத்த புல்லை மிதித்தால் உயிரணுக்கள் உடைந்து, வெயில் ஏறியதும் கால் தடம் பழுப்பாகத் தெரியும்.

விதைக்கும் தேதியை ஆசை முடிவு செய்வது

வீட்டுக்குள் விதை போடும் வேலையை முன்னோக்கி அல்ல, பின்னோக்கி எண்ண வேண்டும். உங்கள் பகுதியில் கடைசி உறைபனி சராசரியாக எப்போது விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்து வெங்காயத்துக்கு 10 முதல் 12 வாரம், மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் 8 முதல் 10 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், வெள்ளரி, பூசணி வகைகளுக்கு 3 அல்லது 4 வாரம் பின்னால் வாருங்கள். அதுதான் விதைக்கும் நாள். சராசரி என்ற சொல்லையும் கவனியுங்கள். ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அந்தத் தேதிக்குப் பிறகும் உறைபனி விழுந்திருக்கிறது என்பதே அதற்குப் பொருள்.

முந்தி விதைத்தால் முந்தி காய்க்கும் என்பது தோட்டக்காரர்களிடம் ஒட்டிக்கொண்டிருக்கும் பிடிவாதமான நம்பிக்கை. நடப்பது வேறு. பன்னிரண்டு வாரம் சிறு தொட்டியில் அடைபட்ட தக்காளி, வேர்கள் சுற்றிச் சுற்றிப் பின்னி, அடியிலைகள் மஞ்சளாகி, நட்ட பிறகு இரண்டு வாரம் அசையாமல் நிற்கும். ஏழு வாரத்து நாற்று அதைச் சத்தமில்லாமல் முந்திவிடும்.

ஜன்னலோர நாற்றுகளின் கதை இதைவிடச் சோகம். உள்ளே சூடு இருக்கிறது, வெளிச்சம் இல்லை. விதை முளைக்கும்; முளைத்த மூன்றாம் நாளே தண்டு வெள்ளை நூலாக நீண்டு, கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். தட்டைத் திருப்பி வையுங்கள், மறுநாள் மாலைக்குள் எல்லாம் ஒன்றாக மறுபடியும் ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்கும். குளிர்கால ஜன்னல் வெளிச்சம் நம் கண்ணுக்குப் போதும், நாற்றுக்குப் போதாது. குழல்விளக்கு இருந்தால் நாற்றின் தலைக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்துங்கள். விளக்கு இல்லையா? விதைப்பதை இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள், பகல் நீண்டுவிடும்.

அடுத்து, தண்ணீர். பாசத்தால் சாகும் நாற்றுகள் வறட்சியால் சாவதைவிட அதிகம். இரவு பார்த்தபோது நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். குனிந்து பார்த்தால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் பழுப்பேறி, கிள்ளிவிட்டதுபோல் சுருங்கியிருக்கும். இது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற மண்வாழ் நுண்ணுயிர்களின் வேலை. விழுந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை, மற்றவற்றைக் காப்பாற்றலாம். குழித்தட்டின் அடியில் தண்ணீர் ஊற்றி, மண் தேவையான அளவு உறிஞ்சியதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். விதை முளைத்ததும் மேல் மூடியை எடுத்துவிடுங்கள். சிறு மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் மேல்மண் காயும், தண்டும் தடிக்கும். போன ஆண்டுத் தட்டுகளை விதைப்பதற்கு முன் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து அலசிக் காயவையுங்கள்.

பழைய விதைப் பொட்டலங்களை நம்பிப் பாதித் தட்டு காலியாகக் கிடப்பதும் உண்டு. வெங்காய விதை ஓரிரு ஆண்டுகளில் வீரியம் இழந்துவிடும். தக்காளி விதை நான்கைந்து ஆண்டுகள் தாங்கும். ஈரத் துணியில் பத்து விதைகளைச் சுருட்டிச் சூடான இடத்தில் வைத்துப் பத்து நாளில் எண்ணிப் பாருங்கள். ஐந்துக்குக் கீழே முளைத்தால் புது விதை வாங்குங்கள்.

குளிர்ந்த மண்ணில் நேரடி விதைப்பு

பட்டாணி குளிரைத் தாங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். தாங்கும், ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு. மண் 5 டிகிரி செல்சியஸில் இருந்தால் பட்டாணி முளைத்து மேலே வர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். அதுவே 15 டிகிரியில் ஒன்பது பத்து நாளில் வந்துவிடும். அந்த ஐந்து வாரமும் விதை ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. அழுகலும் எலியும் அதைத் தேடி வருகின்றன. ஆகவே இரண்டு வாரம் கழித்து விதைத்தவரின் பட்டாணி உங்களுடையதை எட்டிப் பிடிப்பதில் வியப்பில்லை. மண் வெப்பமானியை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் குத்திக் காலை வேளையில் பாருங்கள். பிற்பகலில் பார்ப்பது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. கீரை, பட்டாணி, அகன்ற பீன்ஸ் வகைகளுக்கு 7 டிகிரி வந்தால் போதும். சாதாரண பீன்ஸுக்கு 15 டிகிரி வேண்டும். அவசரம் அடங்காதவர்கள் பாத்தியின்மேல் பிளாஸ்டிக் தாளை இரண்டு மூன்று வாரம் விரித்து வைக்கலாம். மண் கொஞ்சம் முன்னதாகச் சூடேறும், மழை ஈரமும் இறங்காது.

கத்தரிக்கோல் கையில் இருப்பதால் கவாத்து

எனக்கு இன்னும் வலிப்பது லைலாக் செடிதான். கிளைகள் தாறுமாறாக நீண்டிருக்கின்றனவே என்று குளிர் முடியும் நாளொன்றில் வட்டமாக வெட்டி அழகுபடுத்தினேன். அந்த வசந்தத்தில் இலை வந்தது, பூ வரவில்லை. வெட்டி எறிந்த குச்சிகளின் நுனியில் இரட்டை இரட்டையாகப் பருத்திருந்தவை அத்தனையும் பூ மொட்டுகள் என்று பிறகுதான் புரிந்தது. லைலாக், ஃபோர்சித்தியா, அசேலியா, பெரிய இலை ஹைட்ராஞ்சியா போன்றவை போன கோடையிலேயே மொட்டைக் கட்டிவைத்துக்கொண்டு குளிரைக் கடக்கின்றன. இவற்றைப் பூத்து முடிந்த கையோடு வெட்ட வேண்டும். புதுத் தளிரில் பூக்கும் பானிகுலாட்டா ஹைட்ராஞ்சியா, பட்லியா போன்ற கோடைச் செடிகளுக்குத்தான் இப்போது கவாத்து. பெயர் தெரியாத செடியா? ஒரு வருடம் சும்மா விட்டு, எப்போது பூக்கிறது என்று பாருங்கள். வசந்தத்தில் பூத்தால் கத்தரிக்கோல் பூவுக்குப் பிறகு.

மறுபக்கத் தவறும் உண்டு. ஆப்பிள், பேரி, திராட்சை ஆகியவற்றை வெட்டும் வேளை இதுதான். தளிர் விடும்வரை தள்ளிப்போடுகிறவர்களே அதிகம். ரோஜாவுக்கு மொட்டுகள் பருத்துச் சிவக்கத் தொடங்கும் நேரம் சரி. செர்ரி, பிளம், ஆப்ரிகாட் மட்டும் விதிவிலக்கு: குளிர்ந்த ஈரக் காலத்து வெட்டுக்காயம் வழியே வெள்ளியிலை நோயும் பாக்டீரியாச் சொறியும் நுழையும் என்பதால், அவற்றைக் கோடையின் உலர்ந்த நாளில் வெட்டுவது நல்லது.

வெட்டிய இடத்தில் தார், பெயிண்ட் பூசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து ஒன்றைத் தெளிவாக்கினார்: மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, அதைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது. பூச்சு அதற்கு உதவுவதில்லை. கிளை தண்டோடு சேரும் இடத்தில் தடித்த வளையம்போல் ஒரு புடைப்பு இருக்கும். அதைச் சீவிவிடாமல், குச்சியும் நீட்டிவிடாமல், அதை ஒட்டி வெளிப்பக்கம் வெட்டினால் போதும்.

அளவுக்கு மிஞ்சிய சுத்தம்

காய்ந்த தண்டுகளையும் சருகையும் முதல் வெயிலிலேயே வாரிக் கொட்டுவது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அந்தச் சருகுக்கடியில் பொறிவண்டுகள் உறங்குகின்றன. உள்ளீடற்ற தண்டுகளுக்குள் காட்டுத் தேனீக்கள் அடைந்து கிடக்கின்றன. பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரியைத் தாண்டும்வரை பொறுங்கள். குளிருக்காகச் செடிகளைச் சுற்றிப் பரப்பிய மூடாக்கையும் ஒரே நாளில் உரித்துவிடாமல் படிப்படியாக எடுங்கள். இரவில் உறைந்து பகலில் இளகும் மண், வேர் பிடிக்காத இளஞ்செடிகளை மேலே தள்ளிவிடும். அப்படி வெளியே வந்தவை கண்ணில் பட்டால் மெல்ல அழுத்தி, மண்ணை மூடிவிடுங்கள். துலிப், டாஃபோடில் துளிர்களின்மேல் பனி விழுந்தால் பதற வேண்டாம், அவை அதற்குப் பழகியவை.

உரத்துக்கும் அவசரம் வேண்டாம். வேர் உறங்கும்போது போட்ட தழைச்சத்து மழையோடு கீழே போய்விடும். மிஞ்சியது இளந்தளிரைத் தூண்டிவிட்டால் அடுத்த உறைபனி அதைக் கருக்கிவிடும். மட்கு உரத்தைப் பாத்திமேல் பரப்பி வைப்பதில் மட்டும் தவறில்லை. மண் பரிசோதனைக்கு இதுவே சரியான நேரம். சுண்ணாம்பு தேவைப்பட்டால் அது மண்ணில் வேலை செய்ய மாதங்கள் ஆகும்.

வெளியே பழக்காமல் நடுவது

வீட்டுக்குள் வளர்ந்த நாற்று காற்றையும் நேரடி வெயிலையும் பார்த்ததே இல்லை. நேராகப் பாத்தியில் வைத்தால் இலைகள் இரண்டு நாளில் வெளுத்துக் காகிதம்போல் ஆகிவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் காலை வெயில், அப்புறம் பாதிப் பகல் என்று ஏழு முதல் பத்து நாள் பழக்குங்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாதவரைதான் வெளியே இடம்.

நட்ட பிறகு உறைபனி எச்சரிக்கை வந்தால் மாலையிலேயே துணியால் மூடுங்கள். துணி தரைவரை தொங்க வேண்டும், ஏனென்றால் இரவில் செடியைக் காப்பது மண்ணிலிருந்து எழும் சூடுதான். பந்து கட்டியதுபோல் தலையை மட்டும் சுற்றினால் அந்தச் சூடு உள்ளே வராது. பிளாஸ்டிக் தாளென்றால் இலையில் படாமல் குச்சிகளை நட்டு அதன்மேல் போடுங்கள். பட்ட இடம் கருகும். காலையில் வெயில் ஏறியதும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். நான் ஒருநாள் மறந்து வெளியே போய்விட்டு மதியம் திரும்பினேன். உறைபனியைத் தாண்டி உயிரோடிருந்த செடிகள், தாளுக்கடியில் வெயிலில் வெந்து கிடந்தன.