பதினோரு மணிப் பசி

காலையில் நாலு இட்லி, சட்னி. பதினோரு மணிக்கெல்லாம் வயிறு கூப்பிடும்; டீக்கடை வடை ஒன்று உள்ளே போகும். எடை 82 கிலோ. சோற்றைக் குறைத்துப் பார்த்தேன், ராத்திரி பிஸ்கட் டப்பா காலியானதுதான் மிச்சம்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். ஒரு இட்லியில் புரதம் சுமார் 2 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். சரி என்று இரண்டு இட்லி, இரண்டு அவித்த முட்டை என மாற்றினேன். புரட்டாசி முழுக்க முட்டைக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். மதியம் சாம்பாரில் மேலாக நிற்கும் தண்ணீரை ஊற்றிக்கொள்ளாமல், அடியில் கிடக்கும் பருப்பை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பத்து நாளில் வடையை மறந்துவிட்டேன் என்றால் பொய். ஞாபகம் வந்தது, பசிதான் வரவில்லை. புரதம் மெல்லச் செரிக்கும். வயிறு நிறைந்ததாக மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களையும் தூண்டும். நாலு மாதத்தில் 5 கிலோ இறங்கியது.

நடுவில் மலச்சிக்கல் படுத்தியது. முட்டை மும்முரத்தில் காய்கறியை மறந்திருந்தேன். கீரையும் தண்ணீரும் கூடியதும் சரியானது. அப்பாவுக்கும் இதையே செய்யப் போனேன், அம்மா தடுத்துவிட்டார். அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. புரதத்தை அளந்துதான் தர வேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. அவர் தட்டில் இன்றும் நாலு இட்லிதான்.