டிராயிங் சரி, ஒப்பந்தத்தைப் பார்த்தீர்களா? பொறியாளர்கள் வணிகப் பக்கத்தில் செய்யும் தவறுகள்

வேலையில் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆன பொறியாளர்களிடம் நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன். இப்போது நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு உங்கள் நிறுவனத்துக்கு எப்படிப் பணம் வருகிறது? பேசி முடித்த மொத்தத் தொகையா, முடிந்ததை அளந்து பார்த்து அதற்கேற்பவா, மணிக்கணக்கிலா? ஒரு தூண் எவ்வளவு சுமை தாங்கும் என்று மனக்கணக்கிலேயே சொல்லக்கூடியவர்கள்கூட இங்கே திணறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. படிக்கும்போது யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. வேலைக்கு வந்த பிறகும், "அதெல்லாம் கமர்ஷியல் டீம் பார்த்துக்கொள்ளும், நீங்கள் டிசைனைப் பாருங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அந்தப் பேச்சை அப்படியே நம்பிவிடுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து முளைப்பவை. ஒரு வேலையில் பணம் கூடுவதும் குறைவதும் டிசைன் மேஜையிலும் சைட்டிலும் முடிவாகிறது. கமர்ஷியல் டீம் அதைப் பிற்பாடு கணக்கில் எழுதுகிறது, அவ்வளவுதான். ஒரு குழாயின் பாதையை மாற்றினீர்கள் என்றால், அதை யார் கேட்டார், எந்தத் தேதியில் கேட்டார், எத்தனை மணி நேரம் கூடுதலாகப் போனது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்லாவிட்டால் அந்தப் பணத்தைக் கேட்க ஆளே இல்லை.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் வடிவமைப்பது

பலர் ஒப்பந்தக் கோப்பில் தொழில்நுட்பப் பகுதியை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். அதிலும் எந்தத் தரநிலை என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். தரநிலைப்படி செய்தால் நாம் பத்திரம் என்ற எண்ணம். அது எவ்வளவு ஆபத்தான எண்ணம் என்பதற்கு ராபின் ரிக் வழக்கைப் போல எனக்கு வேறு உதாரணம் தெரியாது.

ராபின் ரிக் என்பது இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில் சால்வே கழிமுகத்தில் இருக்கும் கடல் காற்றாலைப் பண்ணை. அதன் அடித்தளங்களை வடிவமைத்து நிறுவும் வேலையை 2006-ல் எம்.டி. ஹோய்கார்ட் என்ற டென்மார்க் நிறுவனம் எடுத்தது. கடல்சார் கட்டமைப்புகளுக்குத் தரநிலை வகுக்கும் டிஎன்வி அமைப்பின் ஜே101 என்ற தரநிலையைப் பின்பற்ற வேண்டும் என்பது நிபந்தனை. நிறுவனமும் பின்பற்றியது. ஆனால் அந்தத் தரநிலையின் ஒரு சமன்பாட்டிலேயே பிழை இருந்தது; ஒரு மதிப்பு ஏறக்குறைய 10 மடங்கு தவறாக இருந்தது. கடலடியில் இறக்கிய எஃகுத் தூணுக்கும் அதன்மேல் அமரும் இணைப்புத் துண்டுக்கும் நடுவே ஊற்றிய கிரவுட், அதாவது சிமென்ட் கலவை, 2010-ல் பிடிப்பை இழக்கத் தொடங்கியது. சரிசெய்ய ஆன செலவு 2 கோடியே 62.5 லட்சம் யூரோ.

நிறுவனம் அலட்சியமாக வேலை செய்யவில்லை என்பதை முதல் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அப்படியும் செலவு யார் தலையில் விழுந்தது தெரியுமா? தொழில்நுட்பத் தேவைகளின் நடுவில், அடித்தளங்களின் வடிவமைப்பு 20 வருட ஆயுளை உறுதிசெய்ய வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. மேல்முறையீட்டில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தாலும், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017-ல் அதை மாற்றி, அந்த வரிக்கு நிறுவனமே பொறுப்பு என்றது.

இதைப் படிக்கும் பொறியாளர் மனதில் வைக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. "உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்வோம்" என்பது ஒரு வகை வாக்குறுதி. "இது இத்தனை வருடம் இப்படி வேலை செய்யும்" என்பது வேறு வகை. முதலாவதில் உங்கள் தவறை யாராவது நிரூபிக்க வேண்டும். இரண்டாவதில் விளைவு வரவில்லை என்றாலே போதும். பொறியாளர்களுக்கான தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு பொதுவாக முதல் வகைக்குத்தான் கைகொடுக்கும். இரண்டாவது வகை வரிகள் சட்டப் பகுதியில் மட்டுமா இருக்கின்றன? நாம் மட்டுமே ஆழமாகப் படிக்கும் தொழில்நுட்பப் பக்கங்களிலும் ஒளிந்திருக்கும். அவற்றைக் கண்டுபிடித்துச் சொல்ல வழக்கறிஞரைவிட நமக்குத்தான் வசதி அதிகம்.

முழு ஒப்பந்தத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம், எப்போது எப்படிப் பணம் வரும், மாற்றம் செய்யச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, தகவல் கொடுக்க எத்தனை நாள் கெடு, தாமதமானால் என்ன இழப்பீடு, அதற்கு உச்சவரம்பு உண்டா என்று ஒரு பக்கத்தில் எழுதி மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலை போதும்.

வாய்ச்சொல்லை நம்பி வேலையை மாற்றுவது

இளம் வயதில் எனக்கே நடந்தது. சைட்டில் நடந்துகொண்டே கிளையன்ட் தரப்பில் ஒருவர், "அந்தப் பம்பை இந்தப் பக்கம் வைத்தால் நன்றாக இருக்குமே" என்றார். நியாயமான யோசனைதான். நானும் சரி என்று சொல்லி, மூன்று வாரம் உட்கார்ந்து குழாய், அஸ்திவாரம், கேபிள் பாதை எல்லாவற்றையும் மாற்றி வரைந்தேன். கடைசியில் பில் போட்டபோது, "இதை யார் செய்யச் சொன்னது?" என்ற கேள்வி வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது நினைவிலேயே இல்லை. என்னிடம் ஒரு வரி எழுத்தும் இல்லை. அந்த மூன்று வாரம் நிறுவனத்தின் நஷ்டமாகப் போனது.

இதற்கான மருந்து மிகச் சிறியது. அன்றைக்கே ஒரு மின்னஞ்சல்: "இன்று காலை சைட்டில் நீங்கள் சொன்னபடி பம்பின் இடத்தை மாற்றுகிறோம். இதனால் நேரமும் செலவும் கூடும். விவரத்தை இந்த வார இறுதிக்குள் அனுப்புகிறோம்." ஃபிடிக் என்ற பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு 1999-ல் வெளியிட்ட கட்டுமான ஒப்பந்தம், இதற்கென்றே வழி வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் பொறியாளர் வாய்மொழியாகச் சொன்னதை ஒப்பந்ததாரர் 2 வேலை நாளுக்குள் எழுத்தில் உறுதிசெய்து, அடுத்த 2 வேலை நாளுக்குள் அவர் எழுத்தில் மறுக்காவிட்டால், அதுவே எழுத்துமூல உத்தரவாகிவிடும்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு கெடு உண்டு. கூடுதல் பணமோ நேரமோ கேட்க வேண்டுமென்றால், காரணமான சம்பவம் தெரியவந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தவறினால் உரிமையே போய்விடலாம். 2017 பதிப்பிலும் அந்த 28 நாள் அப்படியே இருக்கிறது. சைட்டில் எதிர்பாராத பாறை வந்துவிட்டது என்று முதலில் தெரிவது யாருக்கு? அங்கே நிற்கும் பொறியாளருக்கு. மாதாந்திர அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் காத்திருந்தால், கமர்ஷியல் டீமுக்கு விஷயம் போய்ச் சேரும்போது கெடு முடிந்திருக்கும்.

இப்படி எழுதுவது சண்டைக்கு நிற்பது போல இருக்குமோ என்று நிறைய பேர் தயங்குகிறார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. கிளையன்ட் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு பட்ஜெட் இருக்கிறது, அவரும் ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டும். செலவு கூடுகிறது என்று இன்றே தெரிந்தால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு இருக்கிறது. எட்டு மாதம் கழித்துச் சொன்னால்தான் உறவு கெடுகிறது.

எண்களில் நடக்கும் குழப்பம்

பொறியாளர்கள் எண்ணில் தவறுவார்களா என்று கேட்கலாம். மார்க்-அப்பையும் மார்ஜினையும் ஒன்றாக நினைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செலவு 100, அதன்மேல் 25 சேர்த்து விலை 125. மார்க்-அப் 25%. ஆனால் மார்ஜின், அதாவது விலையில் லாபத்தின் பங்கு, 20% தான். 25% மார்ஜின் வேண்டுமென்றால் விலை ஏறக்குறைய 133 ஆக வேண்டும். அந்த 125-க்கு "10% தானே, குறைத்துவிடுவோம்" என்று பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்டால் விலை 112.5. லாபம் 25-லிருந்து 12.5-க்கு வந்துவிட்டது. குறைத்தது பத்தில் ஒரு பங்கு, போனது பாதி லாபம்.

லாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு என்பது அடுத்தது. மாதம் 100 செலவாகும் வேலை. மாதக் கடைசியில் பில், 60 நாள் கழித்துப் பணம். முதல் பணம் வருவதற்குள் 300 வெளியே போயிருக்கும். போதாததற்கு ஒவ்வொரு பில்லிலும் 5% தொகையை ரிட்டென்ஷன் என்று, வேலை சரியாக முடியும் வரை கிளையன்ட் நிறுத்தி வைத்தால், 10% மார்ஜின் வேலையில் பாதி லாபம் கிளையன்டிடமே தங்கியிருக்கும். வேலை முடிந்த பின் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய குறைநீக்கக் காலம் முடிந்தால்தான் அதன் கடைசிப் பகுதி வரும். நீங்கள் முடிக்காமல் விட்ட சில்லறைக் குறைகளும், கையெழுத்தாகாத ஆவணங்களும் எதைத் தடுத்து வைத்திருக்கின்றன என்று இப்போது புரிந்திருக்கும்.

பிரிட்டனின் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்றான கேரிலியன் 2018 ஜனவரியில் விழுந்தபோது கையில் இருந்த ரொக்கம் 2.9 கோடி பவுண்ட். கடன்களும் பொறுப்புகளும் ஏறக்குறைய 700 கோடி பவுண்ட். அதற்கு ஆறு மாதம் முன்புதான் ஒப்பந்தங்களின் மதிப்பில் 84.5 கோடி பவுண்டைக் கழித்து எழுத வேண்டியிருந்தது. வரும் என்று கணக்கில் எடுத்திருந்த வருமானம் வரவில்லை. நீண்டகால வேலைகளில் வருமானத்தை எழுதுவது பொதுவாக வேலை எவ்வளவு முடிந்தது என்ற மதிப்பீட்டை வைத்துத்தான். அந்த மதிப்பீட்டின் வேர் சைட்டில் இருக்கிறது. "80% முடிந்தது சார்" என்று கூட்டத்தில் பொதுவாகச் சொல்லிவிடுவது என்னைக் கவலைப்பட வைப்பது அதனால்தான். அந்த எண் அங்கேயே நிற்பதில்லை, கணக்குப் புத்தகம் வரை போகிறது. எதை அளந்து 80 என்கிறீர்கள், மீதி 20-க்கு எவ்வளவு செலவாகும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

எஸ்டிமேட்டும் அப்படியே. யோசனை அளவில் இருக்கும் திட்டத்துக்கு ஒற்றை எண்ணைச் சொல்லாதீர்கள். செலவு மதிப்பீட்டுத் துறையில் வழிகாட்டியாக இருக்கும் ஏஏசிஇ அமைப்பு, செயல்முறை ஆலைகளுக்கான எஸ்டிமேட்டுகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. ஆரம்ப நிலையான ஐந்தாம் வகுப்பில் உண்மையான செலவு 30% முதல் 100% வரைகூட மேலே போகலாம் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. நீங்கள் சொன்ன ஒற்றை எண்ணை யாரோ குறித்து வைத்துக்கொள்வார், அதுவே பட்ஜெட் ஆகிவிடும். எண்ணோடு வரம்பையும், எதையெல்லாம் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே கொடுங்கள்.

தேவைக்கு மேல் அழகாக்குவது பற்றி ஒரு வார்த்தை. கேட்காத மூன்றாவது ஆப்ஷனை ஆசைக்காக வரைவது நல்ல மனசுதான். ஆனால் மொத்தத் தொகை வேலையில் அந்த மணிகளுக்கு யாரும் பணம் தருவதில்லை.

எங்கிருந்து கற்றுக்கொள்வது

உடனே ஒரு எம்பிஏவில் சேர்வதுதான் வழி என்று பலர் முடிவு செய்கிறார்கள். அது பின்னால் உதவலாம். உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பாடத்தை முதலில் எடுங்கள். எஸ்டிமேஷன் செய்பவர் பக்கத்தில் ஒரு டெண்டர் முடியும் வரை உட்காருங்கள். ஒரு மாத பில்லை நீங்களே தயாரித்துத் திருத்தக் கொடுங்கள். அப்புறம், முடிந்துபோன ஒரு வேலையின் டெண்டர் எஸ்டிமேட்டையும் இறுதிக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, மிகப் பெரிய மூன்று வித்தியாசங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில், எந்த முடிவால் தொடங்கியது என்று கடிதங்களிலும் கூட்டக் குறிப்புகளிலும் பின்னோக்கித் தேடுங்கள். நான் இப்படித் தேடியபோதெல்லாம், மூன்றில் ஒன்றாவது ஒரு டிராயிங் எண்ணில் போய் நின்றிருக்கிறது.