ஒயின் சுற்றுலா, வான்பயணம் பற்றிய கேள்விப்படிவத்தை அமைப்பது எப்படி?

கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குப் பறந்துபோய், அருகிலுள்ள பரோசா பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய ஒருவரிடம் "சுற்றுச்சூழல்மீது உங்களுக்கு அக்கறை உண்டா?" என்று கேட்டால், "உண்டு" என்றுதான் பதில் வரும். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்பவர் யார்? சுற்றுலாப் பயணிகளை ஆராய விரும்பும் மாணவர்கள், தாம் அறிய விரும்புவது அவர்களுடைய எண்ணத்தையா, செயலையா என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்வது நல்லது.

சமூக உளவியலாளர் இசெக் அய்சென் 1991-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விரித்துரைத்த திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு இதற்கு உதவும். ஒரு செயலைப் பற்றிய மனப்பான்மை, வேண்டியவர்கள் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வு, அச்செயல் நம் கையில் இருக்கிறதா என்ற மதிப்பீடு ஆகிய மூன்றும் சேர்ந்து நோக்கத்தை உருவாக்குகின்றன என்பது அதன் சாரம். நம் ஆய்வில் மூன்றாவதுதான் தொல்லை தரும். விடுமுறைக்கு அடிலெய்டு செல்பவருக்கு விமானத்தை விட்டால் நடைமுறையில் வேறு வழியில்லை. பறப்பதைக் குறைப்பீர்களா என்று அவரிடம் கேட்டால் விருப்பம் மட்டுமே தெரியும். ஆகவே அதே படிவத்தில் பினாங்குப் பயணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இடிஎஸ் என்னும் விரைவு மின்சார ரயில் ஏறினால் ஏறத்தாழ 4 மணி நேரத்தில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரி. விமானத்திலோ ஏறத்தாழ 1 மணி நேரம். தெரிவு உண்மையாகவே இருக்கும் இந்த இடத்தில்தான் சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தூரத்தை அளக்க முடியும்.

"ரயிலில் செல்வீர்களா?" என்று கேட்காதீர்கள். "கடந்த 12 மாதங்களில் எத்தனை முறை பினாங்கு சென்றீர்கள், கடைசி முறை எதில் சென்றீர்கள், பயணச்சீட்டை வாங்கியவர் யார்?" என்று கேளுங்கள். மகனோ மகளோ கைப்பேசியில் சீட்டு எடுத்துக் கொடுக்கும் வீடுகளில், பெற்றோரின் மனப்பான்மையை வைத்து மட்டும் பயணத்தை விளக்க முடியாது. கரிம ஈட்டுத்தொகையையும், அதாவது பயணத்தால் வெளியாகும் கரியமிலவாயுவை ஈடுகட்டப் பயணி விரும்பிச் செலுத்தும் பணத்தையும், அப்படித்தான் கேட்க வேண்டும்: எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதற்கு வாய் தாராளமாகத் தொகை சொல்லும், உண்மையில் எப்போதாவது கொடுத்தீர்களா என்பதே கேள்வி. 1 கிலோ விமான எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது என்ற தகவலைப் படிவத்தின் தொடக்கத்தில் அச்சிட்டால், அதுவே பதில்களைத் திருப்பிவிடும். அதன் விளைவை அறிய விரும்பினால், குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் அதைக் காட்டி ஒப்பிடலாம்.

மொழியில் மிகுந்த கவனம் தேவை. நம் ஊரில் "தோட்டம்" என்றதும் மூத்தவர்களுக்கு ரப்பர் தோட்டமும் அங்கிருந்த கள்ளுக்கடையும் நினைவுக்கு வரக்கூடும். அந்த நினைவோடு வரும் கசப்பு, ஒயின் பற்றிய பதிலிலும் கலந்துவிடலாம். பெரியவர்கள் முன்னிலையில் இளையவர்கள் மதுவைப் பற்றி மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்பதால், ஒரே குடும்பத்தினரைத் தனித்தனியே சந்தியுங்கள். ஒயினைத் தொடாமல் உடன் சென்றவரையும் விலக்கிவிட வேண்டாம். அந்தப் பயணத்தைத் திட்டமிட்டவர் அவராகவே இருக்கலாம். ஐந்து நிலை அளவுகோலின் நடுவில் "பரவாயில்லை" என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஒருவர் அதை "நன்றாகவே இருக்கிறது" என்றும் இன்னொருவர் "பொறுத்துக்கொள்ளலாம்" என்றும் படிப்பார். "இரண்டு பக்கமும் சாயவில்லை" என்பது சற்று நீளம்தான், ஆனால் குழப்பாது. தமிழ், மலாய், ஆங்கிலப் படிவங்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க, மூலத்தைக் காணாத ஒருவரைக் கொண்டு மொழிபெயர்ப்பை மீண்டும் மூல மொழிக்கே மொழிபெயர்க்கச் செய்து ஒப்பிடுங்கள்.

95% நம்பிக்கை, 5% பிழை வரம்பு என்ற கணக்கில் ஏறத்தாழ 385 பேர் வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். எல்லோருக்கும் வாய்ப்புள்ள குலுக்கல் தேர்வுக்கே அது பொருந்தும். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் கிடைத்தவர்களைக் கேட்டுவிட்டு அந்த எண்ணைக் காட்டுவது முறையாகாது. விமான நிலையத்தில் கேட்பதானால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். ஒவ்வொரு படிவத்திலும் கேட்ட இடம், நேரம், உடனிருந்தவர் யார் ஆகியவற்றைக் குறித்துவைத்தால், பின்னர் பதில்கள் முரண்படும்போது காரணத்தைத் தேட இடமிருக்கும்.