கட்டியின் மரபணு ரிப்போர்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய்க் கட்டியின் மரபணுப் பரிசோதனை முடிவு பல பக்கங்களுக்கு வரும். எங்கோ ஒரு பக்கத்தில் ஒரு மரபணு மாற்றத்தின் பெயரும், அதற்கு நேராக ஒரு மருந்தின் பெயரும் இருக்கும். அதைப் பார்த்ததும் நோயாளியின் குடும்பம் "மருந்து கிடைத்துவிட்டது" என்று நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கை மிகப் பெரியது என்பதால்தான் இதை எழுதுகிறேன். மாற்றத்தின் பெயரை மட்டும் வைத்து மருந்தைத் தீர்மானிக்க முடியாது. அது எந்த உறுப்பில் இருக்கிறது, எப்போது எடுத்த மாதிரியில் தெரிந்தது என்பதும் சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம்.

பிராஃப் என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதில் மாற்றம் இருக்கும். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தை அடைக்கும் வெமுராஃபெனிப் என்ற மருந்து 2011-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. மாற்றம் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. பெருங்குடல் புற்றுநோயிலும் அதே மாற்றம், அச்சு அசலாக, சிலருக்கு உண்டு. அதே மருந்தைக் கொடுத்தார்கள். பெரும்பாலோருக்கு வேலை செய்யவில்லை.

காரணம் 2012-ல் தெரியவந்தது. குடல் செல்லில் பிராஃபை அடைத்ததும், ஈஜிஎஃப்ஆர் என்ற இன்னொரு புரதம் முடுக்கம் பெற்று, "பெருகு" என்ற கட்டளையை வேறு வழியில் அனுப்பிவிடுகிறது. மெலனோமா செல்களில் அந்தப் புரதம் பொதுவாகக் குறைவு. அதனால் அங்கே அந்த மாற்று வழி இல்லை. இது புரிந்த பிறகு குடல் புற்றுநோய்க்கு இரண்டையும் சேர்த்து அடைத்துப் பார்த்தார்கள். என்கோராஃபெனிப், செடுக்ஸிமாப் என்ற அந்த ஜோடி 2020-ல் அங்கீகாரம் பெற்றது. அதனால் "இந்த மாற்றத்துக்கு மருந்து உண்டா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்த உறுப்பில் வந்த இந்தப் புற்றுநோயில் அது வேலை செய்ததற்குச் சான்று உண்டா?" என்றும் கேளுங்கள். பிரான்ஸில் நடந்து 2015-ல் வெளியான ஷிவா ஆய்வு இதையே சோதித்தது. வேறு புற்றுநோய்களுக்கென அங்கீகரித்த மருந்துகளை, மரபணு மாற்றத்தை மட்டும் பார்த்து 99 பேருக்கும், மருத்துவர் தேர்ந்தெடுத்த சிகிச்சையை 96 பேருக்கும் கொடுத்தார்கள். நோய் முற்றாமல் இருந்த காலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அன்று கையிலிருந்த மருந்துகள் குறைவு என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்தும்.

சரி, அப்படியானால் பரிசோதனையே வேண்டாமா? அதுவும் தவறு, அதிலும் நுரையீரல் புற்றுநோயில் பெரிய தவறு. ரிப்போர்ட் வருமுன் அவசரப்பட்டு நோயெதிர்ப்புச் சிகிச்சையை (உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி) தொடங்கிவிட்டு, அப்புறம் ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தால் சிக்கல். இந்த மாற்றம் உள்ள கட்டிகளில் நோயெதிர்ப்பு மருந்து மட்டும் கொடுத்தால் பொதுவாகப் பெரிய பலன் இருக்காது. அதை நிறுத்திய கையோடு, ஈஜிஎஃப்ஆரைத் தடுக்கும் ஒசிமெர்டினிப் என்ற மருந்தைக் கொடுத்தால் கடுமையான நுரையீரல் அழற்சி வரும் ஆபத்தும் கூடுகிறது. காத்திருக்கவே முடியாத நிலை என்றால், முதல் சுற்றில் கீமோவை மட்டும் கொடுத்துவிட்டு, முடிவு வந்த பிறகு மற்றதைத் தீர்மானிக்கும் வழி உண்டு. இதை மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

அடுத்தது, ஒருமுறை எடுத்த மாதிரியைக் கடைசிவரை நம்புவது. ஒரே கட்டிக்குள் எல்லாச் செல்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிறுநீரகப் புற்றுநோயில் ஒரே கட்டியின் பல பகுதிகளைச் சோதித்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், கண்டறிந்த மாற்றங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு எல்லாப் பகுதிகளிலும் இல்லை. காலமும் கட்டியை மாற்றும். ஈஜிஎஃப்ஆரைத் தடுக்கும் ஆரம்பகால மருந்துகள் வேலை செய்யாமல் போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, அதே மரபணுவில் டி790எம் என்ற புது மாற்றம் முளைத்திருந்தது. ஒசிமெர்டினிப் முதலில் உருவானதே அதற்காகத்தான். நோய் மறுபடி வளரும்போது, பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பதைவிட புதிதாகச் சோதிக்க முடியுமா என்று கேட்பது நல்லது.

ரத்தத்திலேயே சோதிக்கலாமே என்பார்கள். சோதிக்கலாம், நல்ல வசதிதான். ஆனால் "எதுவும் தென்படவில்லை" என்று வந்தால், கட்டி போதுமான டிஎன்ஏவை ரத்தத்தில் உதிர்க்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். அப்போது திசுவைச் சோதிக்க வேண்டும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: வயதாக ஆக ரத்த செல்களிலேயே சில மாற்றங்கள் சேர்கின்றன. அவற்றைக் கட்டியின் மாற்றம் என்று எண்ணிவிட்டால் தேவையில்லாத மருந்து போய்ச் சேரும். வெள்ளை அணுக்களையும் கூடவே சோதித்தால் இது பிடிபடும்.

"முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்" என்ற தலைப்பில் வருபவற்றை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. மார்பக, கருப்பைப் புற்றுநோய் ஆபத்தோடு தொடர்புள்ள பிஆர்சிஏ போன்ற மரபணுக்களில் மாற்றம் தெரிந்தால், அது கட்டியில் மட்டும் வந்ததா, பிறவியிலேயே உள்ளதா என்று தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறவியில் உள்ளது என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு உண்டு.

கடைசியாக, ஆளுக்கேற்ற சிகிச்சை என்றாலே கூடுதல் மருந்து என்று நினைப்பது. மார்பகப் புற்றுநோய் வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற டெய்லர்எக்ஸ் ஆய்வு 2018-ல் வெளியானது. கட்டியில் 21 மரபணுக்களின் செயல்பாட்டை வைத்து, நோய் திரும்பும் வாய்ப்புக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். 11 முதல் 25 வரை வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சிகிச்சையே போதுமானதாக இருந்தது. கீமோ சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 16 முதல் 25 வரை வந்தவர்களுக்குக் கீமோவால் கொஞ்சம் பலன் தெரிந்தது. இது ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இல்லாத, நிணநீர் முடிச்சுக்குப் பரவாத மார்பகப் புற்றுநோய்க்கான முடிவு. மற்ற வகைகளுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்.