செம்மண் தரையை ஒருமுறை நிரப்பினால் போதும்: பைகேமில் நிலம் வரைவது

பக்கவாட்டில் ஓடும் பைக் விளையாட்டு ஒன்று. குன்றக்குடிப் பக்கத்துப் பொட்டல், நடுவில் ஓர் ஊருணி, ஒரு கண்மாய்க்கரை, கடைசியில் மலையேற்றம். பைத்தான் மொழியும், அதில் விளையாட்டு எழுத உதவும் பைகேம் தொகுப்பும் போதும். திரை 800 × 600, நொடிக்கு 60 பிரேம். இதில் கணினியைத் திணறவைப்பது பைக் அல்ல, அதன் கீழே கிடக்கும் மண்.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தரைக்கோட்டை வரைந்துவிட்டு, ஒரு புள்ளியில் தொடங்கி அக்கம்பக்கத்துப் பிக்சல்களுக்கு நிறத்தைப் பரப்பப் பார்ப்பார்கள். தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனாக அதை எழுதினால், பைத்தான் சுமார் 1000 அழைப்புகளிலேயே பிழை காட்டி நின்றுவிடும். கோட்டில் ஒரு பிக்சல் விட்டுப்போனாலும் மண் வானத்துக்குள் கசிந்துவிடும். இன்னொரு வழி, பிக்சல்களின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தரையிலிருந்து திரையின் அடிவரை ஒரு கோடு இழுப்பது. நிரப்புவது சரியாகத்தான் நிரப்பும். ஆனால் 800 கோடு, நொடிக்கு 60 முறை என்றால் 48,000 அழைப்புகள். அசையாத மண்ணுக்கு இவ்வளவு வேலை தேவையே இல்லை.

நிலத்தைப் படமாக வைக்காதீர்கள், எண்களாக வையுங்கள். 16 பிக்சலுக்கு ஒரு புள்ளி. அந்த இடத்தில் தரை எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதுதான் அந்த எண். பைகேமில் மேல் விளிம்பு 0, கீழே போகப் போக எண் கூடும். பொட்டலுக்கு 440, மலைக்கு 200, ஊருணியின் அடிக்கு 520 என்று கையாலேயே எழுதலாம். பொட்டலில் மட்டும் இரண்டு மூன்று பிக்சல் கூட்டிக் குறைத்தால் நிஜத் தரை போலத் தெரியும். பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் இந்த எண்களின் பட்டியலுக்கு 'மட்டம்' என்றே பெயர் வைத்துக்கொள்வோம்.

சக்கரம் நிற்கவேண்டிய மட்டமும் இதே எண்களிலிருந்து வரும். 'இடம்' என்பது உலகத்தின் இடது ஓரத்திலிருந்து சக்கரம் இருக்கும் தூரம், பிக்சலில்:

எண் = int(இடம் // 16)
மீதி = இடம் - எண் * 16
தரை = மட்டம்[எண்] + (மட்டம்[எண்+1] - மட்டம்[எண்]) * மீதி / 16

வரைவதற்கு வளைவு, கணக்குக்கு நேர்கோடு என்று இரண்டு வைத்தால் சக்கரம் மேட்டில் புதையும், பள்ளத்தில் மிதக்கும். இரண்டுக்கும் நேர்கோட்டையே வையுங்கள்.

இனி நிரப்புதல். உலகத்தை 512 பிக்சல் அகலத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு சர்ஃபேஸ் (பைகேமில் படம் வரைந்து வைக்கும் பலகை) உருவாக்குங்கள். 512-ஐ 16-ஆல் வகுத்தால் 32 இடைவெளி. ஆனால் புள்ளிகள் 33 வேண்டும். கடைசிப் புள்ளி அடுத்த துண்டின் முதல் புள்ளியேதான். 32 புள்ளியோடு நிறுத்தினால் ஒவ்வொரு துண்டின் முடிவிலும் 16 பிக்சல் அகலத்துக்கு வானம் தெரியும். 33 புள்ளிகளுக்குப் பிறகு வலது அடி மூலை, இடது அடி மூலை என்று இரண்டைச் சேர்த்து, ஒரே பாலிகனாக (பலகோணமாக) நிரப்பிவிடுங்கள். இந்த இரண்டும் மறந்துபோனால் கடைசிப் புள்ளி நேராக முதல் புள்ளிக்கு ஓடும். மேடும் பள்ளமும் தனித்தனித் திட்டுகளாக நிறமேறி அந்தரத்தில் நிற்கும். அப்படித் தெரிந்தால் வேறெங்கும் தேடவேண்டாம், காரணம் இதுதான்.

மேலே காய்ந்த புல் பட்டை வேண்டுமா? தடித்த கோடாக இழுத்தால் திருப்பங்களில் பிளவு தெரியும். அதே பாலிகனை முதலில் புல் நிறத்தில் நிரப்பி, 6 பிக்சல் கீழே தள்ளிச் செம்மண் நிறத்தில் இன்னொரு முறை நிரப்புங்கள். வானப் பகுதிக்கு வேறெங்கும் வராத ஒரு நிறத்தைக் கொடுத்து, அதைக் கலர்கீயாக, அதாவது ஒட்டும்போது விட்டுவிடவேண்டிய நிறமாக, அறிவித்தால் அது வரையப்படாது.

செட்டிநாட்டுத் தரை பெரும்பாலும் சமம் என்பது இங்கே கைகொடுக்கிறது. முழு உயரத் துண்டு ஒன்று 512 × 600 × 4 = 12,28,800 பைட் பிடிக்கும். பொட்டல் துண்டில் 440-க்கு மேலே வானம்தான்; அதை வெட்டிவிட்டு 160 பிக்சல் உயரம் மட்டும் வைத்தால் 3,27,680 பைட், ஏறக்குறையக் கால்பங்கு. அந்தத் துண்டில் மிக உயர்ந்த புள்ளி எதுவோ அதுவே வெட்டும் இடம். வெட்டிய அளவை எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கழிக்கவேண்டும்; துண்டைத் திரையில் ஒட்டும்போது அதே அளவு கீழே ஒட்டவேண்டும்.

ஒவ்வொரு பிரேமிலும் மிஞ்சும் வேலை ஒட்டுவது மட்டும். 800 அகலத் திரையில் அதிகபட்சம் 3 துண்டுதான் தெரியும். கேமரா இடத்தை (திரையின் இடது விளிம்பு உலகத்தில் எங்கே இருக்கிறது என்பதை) முதலில் முழு எண்ணாக்கிவிட்டு, அதன் பிறகு துண்டுகளின் இடத்தைக் கணக்கிடுங்கள். தசம எண்ணோடு விட்டால் ஒவ்வொரு துண்டின் இடமும் தனித்தனியாக முழு எண்ணாக்கப்பட்டு, இணைப்பில் ஒரு பிக்சல் துடித்துக்கொண்டே இருக்கும்.

ஊருணிப் படிகளைச் சரிவாக வரைந்தால் நன்றாக இருக்காது. செம்புறாங்கல் படி படியாகத்தான் தெரியவேண்டும். படி வரும் இடைவெளிகளில் மட்டும், இரு புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளியைக் கூடுதலாகச் செருகுங்கள்: மேட்டுப் புள்ளி இருக்கும் கிடையிடம், பள்ளப் புள்ளியின் மட்டம். சக்கரக் கணக்கை மாற்றவேண்டியதில்லை. அது செல்லும் சரிவுக்கோடு படிகளின் முனைகளைத் தொட்டுக்கொண்டே போகும், புதையாது.

தண்ணீரை நிரப்பப் பாலிகனே வேண்டாம். வானம், அதன் மேல் ஒரு நீலச் செவ்வகம், அதன் மேல் நிலத்துண்டு என்ற வரிசையில் ஒட்டுங்கள். செவ்வகம் கரையிலிருந்து கரைவரை, நீர்மட்டத்திலிருந்து திரையின் அடிவரை. மிச்சத்தை மண் மறைத்துவிடும். நீர்மட்டம் தாழ்ந்த கரையைவிட 4 பிக்சலாவது கீழே இருக்கட்டும். மேலே போனால் தண்ணீர் சுவர்போல நிற்கும். சித்திரையில் ஊருணி வற்றவேண்டுமென்றால் அந்த ஒரு எண்ணைக் கூட்டினால் போதும், துண்டுகளைத் தொடவேண்டியதில்லை.

மண் வெட்டுப்படும் விளையாட்டானால், மாறிய துண்டை மட்டும் மறுபடி வரையுங்கள். மாறியது எல்லைப் புள்ளியாக இருந்தால் அது இரண்டு துண்டுக்கும் பொது, இரண்டையும் வரையவேண்டும்.

பிள்ளையார்பட்டிக் குடைவரை போல பாறைக்குள் நுழையும் காட்சி மட்டும் இந்த முறைக்குள் அடங்காது. ஓரிடத்துக்கு ஒரே மட்டம் என்பதால் தலைக்கு மேலே பாறை இருக்க முடியாது. அதற்கு 'கூரை' என்று இன்னொரு பட்டியல் வைத்து, கூரைக்கு மேலேயுள்ள பாறையைத் தனிப் பாலிகனாக அதே துண்டில் நிரப்புங்கள். அந்தத் துண்டை எந்த இடத்தில் வெட்டுவது என்பதைப் பாறையின் உச்சியை வைத்து முடிவுசெய்யுங்கள், தரையை வைத்து அல்ல.