உயில்ல சந்தேகமா? மனநல டாக்டர் கருத்தை கேஸ்ல எப்படி பயன்படுத்துறது

அப்பா போனதுக்கு அப்புறம் திடீர்னு ஒரு உயில் வெளிய வருது, வீடு மொத்தமும் ஒரே பிள்ளைக்குன்னு இருக்கு, மத்தவங்க உடனே சொல்றது "அவருக்கு மறதி நோய்ங்க, இது செல்லாது". இத மட்டும் நம்பி கேஸ் போட்டா நிக்காது. நோய் இருந்துச்சாங்கறத விட, கையெழுத்து போட்ட அந்த நேரத்துல தான் என்ன பண்றோம்னு அவருக்கு புரிஞ்சுதான்னுதான் கோர்ட் பாக்கும். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் 59வது பிரிவுலயே, அப்பப்ப புத்தி தடுமாறுறவரும் தெளிவா இருக்கற நேரத்துல உயில் எழுதலாம்னு இருக்கு (இது முஸ்லிம்களுக்கு பொருந்தாது). 2017 மனநலச் சட்டமும் மனநோய் இருக்குங்கறத மட்டும் வச்சு ஒருத்தர புத்தி சுவாதீனம் இல்லாதவர்னு எடுத்துக்கக் கூடாதுன்னு சொல்லுது.

அதனால முதல் வேலை டாக்டர தேடறது இல்ல, பேப்பர் சேக்கறது. அட்மிட் ஆன நோயாளியோட ரெக்கார்ட ஆஸ்பத்திரி 3 வருஷம்தான் வச்சிருக்கணும்னு விதி, அதனால தள்ளிப்போடாதீங்க. எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துல தரணும், ஆனா நோயாளி, அவர் அனுமதிச்ச ஆள், கோர்ட் மாதிரி இடங்களுக்குத்தான், உங்களுக்கு தரலன்னா வக்கீல் மூலமா கோர்ட்ல வரவழைக்கச் சொல்லுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியோட நிறுத்திடாதீங்க, உண்மையான சரக்கு நர்ஸ் எழுதற நோட்ஸ்லதான் இருக்கும், "ராத்திரி குழப்பமா பேசறார், ட்ரிப்ஸ பிடுங்கிட்டார்"னு அங்கதான் எழுதியிருப்பாங்க. எந்த தூக்க மாத்திரை எத்தன மணிக்கு கொடுத்தாங்க, ரத்தத்துல சோடியம் எவ்வளவு, எல்லாம் வேணும். டெலிரியம்னு சொல்ற குழப்பம் காலைல இருக்காது சாயங்காலம் வந்துடும், அதான் நேரம் முக்கியம்.

பதிவு பண்ண பத்திரமா இருந்தா இன்னும் நல்லது, எந்த தேதி, எத்தன மணிக்கு, எங்க தாக்கல் பண்ணாங்கன்னு அதுல சார்பதிவாளர் எழுதியிருப்பார், அத நர்ஸ் நோட்ஸ் பக்கத்துல வச்சு பாருங்க. ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

இப்ப டாக்டர். ஆள் உயிரோட இருந்தா நேர்ல பரிசோதிக்கலாம், இல்லன்னா பேப்பர வச்சுத்தான் கருத்து சொல்லுவார். "அவர் நார்மலா?"ன்னு கேக்காதீங்க. உயில் எழுதறோம்னு தெரிஞ்சுதா, சொத்து என்னென்னன்னு தெரிஞ்சுதா, யாருக்கெல்லாம் உரிமை இருக்குன்னு யோசிக்க முடிஞ்சுதா, ஏதாவது பொய்யான நம்பிக்கை அந்த முடிவ மாத்துச்சான்னு நாலையும் தனித்தனியா கேளுங்க. இது 1870ல இங்கிலாந்துல பேங்க்ஸ்ங்கறவரோட உயில் கேஸ்ல வந்த அளவுகோல், இங்கயும் இதத்தான் எடுத்துப் பேசுவாங்க. செத்துப்போன ஒருத்தன் தன்ன துரத்தறான்னு பேங்க்ஸ் நம்பினார், ஆனா அந்த பயம் சொத்து பிரிச்சத தொடலன்னு உயில் செல்லும்னுட்டாங்க! 30க்கு 18 மார்க்குன்னு ஒரு ஞாபக டெஸ்ட் ரிசல்ட்ட மட்டும் தூக்கிட்டு போனா எதிர் வக்கீல் கிழிச்சிடுவார். உங்களுக்கு பாதகமான பேப்பரையும் டாக்டர்கிட்ட கொடுத்துடுங்க, குறுக்கு விசாரணைல முதல் தடவையா அத அவர் பாத்தார்னா கதை முடிஞ்சுது.

வற்புறுத்தி வாங்கினாங்கங்கறது வேற விஷயம். அவர் எவ்வளவு பலவீனமா இருந்தார், யார நம்பி இருந்தார்னு டாக்டர் சொல்லலாம், வற்புறுத்தல் நடந்துச்சான்னு முடிவு பண்றது ஜட்ஜ்தான். போன், ஏடிஎம் கார்டு, மாத்திரை டப்பா யார் கைல இருந்துச்சு, வக்கீல யார் கூட்டிட்டு வந்தா, இதுக்கெல்லாம் சாட்சி தேடுங்க. லாபம் அடையறவரே உயில் எழுதறதுல முன்ன நின்னா அது சந்தேகத்துக்குரியது, அந்த சந்தேகத்த உயில கொண்டு வர்றவர்தான் தீக்கணும்னு 1959லயே வேங்கடாசல ஐயங்கார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா வற்புறுத்தல்னு நீங்க சொன்னா நிரூபிக்கறது உங்க தலைல.

அப்பா அம்மா உயிரோட இருந்து, கடைசி வரைக்கும் பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்து, பிள்ளை கவனிக்கலன்னா 2007 மூத்த குடிமக்கள் சட்டம் 23வது பிரிவுல அவங்களே வருவாய் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) கிட்ட மனு கொடுக்கலாம், அதுக்கு மனநல டாக்டரே தேவையில்ல.