தொடர் நாவலின் ஏமாற்றமளித்த பாகத்தை விமர்சிப்பது எப்படி?

காதலும் மர்மமும் கலந்த தொடர் நாவலில் ஒரு பாகம் ஏமாற்றினால், 'முந்தைய பாகம் போல இல்லை' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், தளர்ந்தது காதலா மர்மமா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். 1980இல் தொடங்கப்பட்ட ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற எழுத்தாளர் சங்கம், காதலே கதையின் மையமாக இருப்பதையும் முடிவு நம்பிக்கை தருவதாக அமைவதையும் காதல் நாவலுக்கு இலக்கணமாக வகுத்திருக்கிறது; ஆகவே நாயகனும் நாயகியும் இறுதியில் சேர்ந்துவிடுவதைக் குறையாகச் சொல்வது நியாயமாகாது.

மர்மத்தைச் சோதிக்க, குற்றவாளி யாரென்று தெரிந்த பின் தொடக்க அத்தியாயங்களை மீண்டும் புரட்டுங்கள். அவன் அங்கே ஒரு வரியிலாவது தலைகாட்டியிருக்க வேண்டும். கடைசிப் பக்கங்களில் எங்கிருந்தோ வந்து குதித்தால், அது வாசகரை ஏய்ப்பதுதான். கொலைகாரன் வாசலில் நிற்கும்போது நாயகனும் நாயகியும் பழைய மனத்தாங்கலைப் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தால், அந்தக் காட்சியையே சான்றாகக் காட்டுங்கள். இவ்வகை நாவல்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான் என்பது என் கருத்து. முந்தைய பாகங்களின் தம்பதிகள் வேலையின்றி வந்துபோவதும், அடுத்த பாகத்துக்காக இந்தப் பாகத்தின் முடிச்சை அவிழ்க்காமல் விடுவதும் தொடர்களில் அடிக்கடி காணும் குறைகள்.

குற்றவாளியின் பெயரை மட்டும் வெளியிடாதீர்கள். தவிர்க்க முடியாதபோது, அந்தப் பத்திக்கு முன்பே எச்சரிக்கை கொடுத்துவிடுங்கள்.